மலைத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி: தானே அமரும் கொங்கிரீட்டில் கனிமத் தூளும் நீர் உறிஞ்சலும்

தெற்குச் சுவரில் நெஞ்சளவு உயரத்தில், ஒரு முழ நீளத்துக்கு, வெள்ளையாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். மாவாக உதிர்ந்தது. சற்று நேரத்தில் அந்த இடத்தில் ஈரம் ஊறி ஒரு துளி திரண்டு நின்றது. தொட்டி கட்டி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவு அது. நான் பிறந்த பிரிவு. பீலியில் வரிசை நின்று குடம் நிரப்பிய காலம் போய், ஊற்றுத் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி லயங்களுக்கும் (தோட்டத்து வரிசை வீடுகளுக்கும்) புதிதாக எழும்பிய தனி வீடுகளுக்கும் குழாயில் கொடுக்கத் தொடங்கியபோது எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். அம்மா இன்றும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார். தொட்டி கசிகிறது, இரண்டு தடவை மேல்பூச்சு பூசியும் நிற்கவில்லை, இன்னொன்று கட்டப் போகிறோம், வந்து பார் என்று பிரிவில் உள்ளவர்கள் கூப்பிட்டபோது, சம்பளத்துக்குப் பார்க்கும் வேலையைவிடக் கவனமாக இதைப் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். அந்த இரண்டாவது தொட்டிக்காக நாங்கள் செய்த சோதனைகளையும், அவற்றில் கண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பழைய சுவரில் என்ன நடந்தது

வெள்ளைப் படிவுக்குப் பின்னால் இருந்த இடத்தை உளியால் கொத்திப் பார்த்தோம். கல்லைச் சுற்றிக் கலவையே இல்லை. தேன்கூடு மாதிரி ஓட்டைகள். 200 மில்லிமீற்றர் சுவர், இரண்டு பக்கமும் 12 மில்லிமீற்றர் கம்பி வலை. இடையில், கொங்கிரீட்டை அதிரவைத்து அமர்த்தும் வைப்ரேட்டர் ஊசி இறங்கவே இல்லை, அல்லது இறக்கிய ஆள் அவசரப்பட்டிருக்கிறார். அதற்கு மேலே ஓர் அடி தள்ளி, ஒருநாள் வேலையும் மறுநாள் வேலையும் சேர்ந்த மூட்டு, அங்கேயும் கசிவு.

கசிவு வேறு, உறிஞ்சல் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் பாதிக் குழப்பம். ஓட்டை வழியாகவும் மூட்டு வழியாகவும் தண்ணீர் ஓடுவது கசிவு. ஓட்டை எதுவும் கண்ணுக்குத் தெரியாத, நன்றாக அமர்ந்த கொங்கிரீட்டும் தண்ணீர் குடிக்கும், அது உறிஞ்சல். பழைய தொட்டியின் நல்ல பகுதியிலேயே, காய்ந்திருந்த மேல் விளிம்பில் ஒரு கை தண்ணீர் தெளித்தேன். செங்கல்லில் தெளித்தது போலக் கண் முன்னே மறைந்தது. கசிவை அடைக்கலாம். உறிஞ்சுகிற சுவரைச் சரிசெய்வது கடினம். அது வருடக்கணக்காக உள்ளே ஈரத்தை இழுத்துக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

எங்கள் மலையில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. இங்கே பாறை பெரும்பாலும் நைஸ், சார்னொகைட் வகை. சுண்ணாம்பு குறைந்த பாறை. அதன் வழியே வரும் ஊற்றுத் தண்ணீர் மென்னீர். தேயிலை மண்ணோ அமிலம், காரகாடித்தன்மை எண் (pH) 4.5 முதல் 5.5 வரை இருந்தால்தான் செடி நன்றாக வரும். சுண்ணாம்புக்குப் பசித்திருக்கும் இந்தத் தண்ணீர் கொங்கிரீட்டுக்குள் போனால், சீமெந்து நீருடன் சேரும்போது பிறக்கும் கல்சியம் ஐதரொட்சைட்டைக் கரைத்து வெளியே கொண்டுவரும். வெளியே வந்ததும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். நான் நகத்தால் சுரண்டியது அதைத்தான். சுவர் தன் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டிருந்தது.

ஏன் தானே அமரும் கொங்கிரீட்

வைப்ரேட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்டார்கள். ஜப்பானில் இந்தக் கொங்கிரீட் பிறந்த காரணமும் கிட்டத்தட்ட இதுதான். தேர்ந்த வேலையாட்கள் குறைந்து, அமர்த்துவது சரியில்லாமல் கட்டடங்கள் சீக்கிரம் பழுதானபோது, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹஜிமே ஒக்காமுரா 1986இல் இந்த யோசனையை முன்வைத்தார். 1988இல் முதல் மாதிரி தயாரானது. அதிர்வு கொடுக்காமல் தன் எடையாலேயே ஓடி, கம்பிக்கிடையில் புகுந்து, மூலை முடுக்கெல்லாம் நிரம்பி, கல்லும் கலவையும் பிரியாமல் நிற்க வேண்டும்.

அப்படி ஓட வேண்டுமென்றால் கல்லைத் தூக்கிச் செல்லும் பசை நிறைய வேண்டும். சோற்றுக்குக் குழம்பு போதாவிட்டால் கட்டி கட்டியாக நிற்பது போலத்தான். 2005இல் வெளிவந்த ஐரோப்பிய வழிகாட்டி, ஒரு கன மீற்றருக்கு 380 முதல் 600 கிலோ வரை தூளும் 150 முதல் 210 லீற்றர் வரை தண்ணீரும் என்று வழக்கமான எல்லையைத் தருகிறது. தூள் முழுவதும் சீமெந்தாக இருந்தால் செலவும் ஏறும், சூடும் ஏறும், வெடிப்பும் வரும். அதனால் ஒரு பங்கைக் கனிமத் தூளாகப் போடுகிறார்கள். அந்தத் தூள் எது என்பதில்தான் தண்ணீர் உறிஞ்சலின் கதை தொடங்குகிறது.

கைக்கு எட்டிய தூள்கள்

பிளை ஆஷ் எங்களுக்குப் புத்தளம் பக்கமிருந்து வருகிறது. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் நுண்சாம்பல். விரலிடையில் தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்கும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மணிமணியாக உருண்டைகள். அந்த உருண்டை வடிவத்தால் குறைந்த தண்ணீரிலேயே கலவை ஓடும். அதிலுள்ள சிலிக்கா, சீமெந்து விட்ட கல்சியம் ஐதரொட்சைட்டோடு சேர்ந்து புதிய பிணைப்புப் பொருளை உண்டாக்கி, துளைகளை உள்ளிருந்தே அடைக்கும். மென்னீர் கரைத்துக்கொண்டு போக இருந்த சுண்ணாம்பையே சுவராக மாற்றுகிற வேலை இது. எங்கள் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறென்ன? ஆனால் வேலை மெதுவாக நடக்கும். ஈரம் வேண்டும், வெப்பம் வேண்டும். எரியாத கரி அதிகமிருந்தால், கலவையை ஓட வைக்கச் சேர்க்கும் இரசாயனமான அட்மிக்சரை அது குடித்துவிடும். போத்தலில் தண்ணீரோடு ஒரு கரண்டி சாம்பலைக் குலுக்கி வைத்தால் கருப்பாகப் படலம் மிதக்கிறதா என்று பார்க்கலாம். அது கண் மதிப்புத்தான். முறையான அளவு, ஆய்வுகூடத்தில் எரித்துப் பார்க்கும்போது குறையும் எடை.

சுண்ணாம்புக்கல் தூள் பெரிதாக வினை புரியாது. சீமெந்து மணிகளுக்கு இடையில் இருக்கும் இடத்தை நிரப்பும், அவை வினை புரிய மேற்பரப்புக் கொடுக்கும். அதன் பலன் முதல் வாரங்களிலேயே கிடைத்துவிடும். பிறகு கூடுவது சொற்பம்.

மைக்ரோ சிலிக்கா என்பது மிக நுண்ணிய சிலிக்காத் தூள், சீமெந்து மணியைவிட நூறு மடங்கு சிறியது. ஒரு மணி சுமார் 0.1 மைக்ரோமீற்றர். கல்லையும் பசையையும் பிரிக்கும் மெல்லிய, துளை நிறைந்த வலயத்துக்குள்ளும் போய் உட்காரும். கொஞ்சம் போட்டாலே போதும். இறக்குமதி என்பதால் விலை கடுமை; தண்ணீரையும் அட்மிக்சரையும் நிறைய கேட்கும்.

இவை மூன்றும் போக, உள்ளூர் யோசனைகளும் வந்தன. கவ்வாத்து வெட்டியதும் தேயிலை மலைக்குப் போடும் டொலமைட் மூட்டை எங்கள் களஞ்சியங்களில் எப்போதும் கிடக்கும். அதையே போடலாமே என்றார் ஒருவர். நல்ல கேள்வி. பழைய ஐரோப்பிய வழிகாட்டி ஒன்று டொலமைட் தூளைப் பெயர் சொல்லி அனுமதித்துவிட்டு, சீமெந்திலுள்ள காரமும் தூளிலுள்ள காபனேற்றும் வினை புரிந்து பின்னாளில் விரிவடையும் ஆபத்து உண்டு என்று எச்சரிக்கிறது. எப்போதும் ஈரமாக இருக்கப் போகும் தொட்டியில் அந்த ஆபத்தை நான் ஏற்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலை அடுப்பின் விறகுச் சாம்பலையும் மறுத்தேன்: அதில் பொட்டாசியக் காரம் அதிகம், கரியும் நிறைய, ஒரு மூட்டை இருப்பது போல இன்னொரு மூட்டை இருக்காது. உமிச் சாம்பல் நல்ல பொருள்தான், ஆனால் 700 பாகைக்குக் கீழே கட்டுப்பாடாக எரித்து, நன்றாக அரைத்தது வேண்டும். செங்கல் சூளையில் மிஞ்சுவது அதுவல்ல. அதன் மணியே பஞ்சு போலத் தண்ணீர் குடிக்கும். குவாரித் தூளைக் கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தோம். மறுநாள் காலையில் மேலே தடிப்பாகக் களிமண் அடுக்கு, அதில் மைக்கா மினுங்கியது. அதையும் விட்டோம்.

கலவைகள்

கடைசியில் நான்கு கலவை. முதலாவது, பழைய தொட்டியின் பாணியில் வெறும் சீமெந்தும் வைப்ரேட்டரும், ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். மற்ற மூன்றும் தானே அமருபவை. மூன்றிலும் ஒரு கன மீற்றருக்கு 350 கிலோ சீமெந்து, 180 லீற்றர் தண்ணீர், சுமார் 860 கிலோ மணல், 785 கிலோ சிறு கல். அவற்றில் ஒன்றில் 150 கிலோ பிளை ஆஷ். இன்னொன்றில் 184 கிலோ சுண்ணாம்புக்கல் தூள். மூன்றாவதில் 25 கிலோ மைக்ரோ சிலிக்காவும் 153 கிலோ சுண்ணாம்புக்கல் தூளும்.

150, 184 என்று எண்கள் வேறுபடுவது ஏன் என்று சிலர் கேட்டார்கள். தூளை எடைக்கு எடை மாற்றக் கூடாது; கன அளவுக்குக் கன அளவு மாற்ற வேண்டும். 150 கிலோ பிளை ஆஷும் 184 கிலோ சுண்ணாம்புக்கல் தூளும் ஏறக்குறைய ஒரே இடத்தை, 68 லீற்றரை, அடைக்கும். எடையைச் சமன் செய்தால் பசையின் அளவு மாறிவிடும். பிறகு உறிஞ்சல் கூடியது தூளாலா பசையாலா என்று சொல்ல முடியாது.

சீமெந்து மூட்டையையும் பார்த்து வாங்க வேண்டும். இலங்கைத் தரம் 107 என்று அச்சிட்டிருந்தால் சாதாரண சீமெந்து. 1247 என்றால் அது ஏற்கெனவே கலப்புச் சீமெந்து. அதன் மேல் நாம் இன்னும் 150 கிலோ சாம்பல் போட்டால், போட்டது எவ்வளவு என்றே தெரியாமல் போய்விடும்.

தண்ணீர் குடிப்பதை அளந்த விதம்

பொதுவாகச் செய்வது மூழ்கவைக்கும் சோதனை. மாதிரியை 105 பாகையில் உலர்த்தி, எடை பார்த்து, 30 நிமிடம் தண்ணீரில் மூழ்கவைத்து மறுபடி எடை பார்ப்பது. 3 வீதத்துக்குக் குறைவாகக் குடித்தால் நல்லது, 5ஐத் தாண்டினால் மோசம் என்று பரவலாக எடுத்துக்கொள்வார்கள். இதையும் செய்தோம். ஆனால் தானே அமரும் கொங்கிரீட்டுக்கு இந்த ஒன்றை மட்டும் நம்புவது அநியாயம் என்பது என் கருத்து. அதில் பசை அதிகம். துளை இருப்பது பசையில்தான். எவ்வளவு குடித்தது என்று மட்டும் கேட்டால் சாதாரணக் கொங்கிரீட்டோடு பெரிய வித்தியாசம் தெரியாது. எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது என்று கேட்க வேண்டும். துளைகள் ஒன்றோடொன்று தொடுத்துப் பாதையாக இருக்கின்றனவா, துண்டு துண்டாக அடைபட்டுக் கிடக்கின்றனவா என்பது வேகத்தில்தான் தெரியும்.

அதற்கு 100 மில்லிமீற்றர் விட்டமும் 50 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள வட்டுகள். 24 சிலிண்டர் வார்த்து, அறுத்து, 72 வட்டு எடுத்தோம். 105 பாகையில் சுட்டால் பசைக்குள்ளேயே நுண்வெடிப்பு வரும் என்பதால் இவற்றை 50 பாகையில் மெதுவாகப் பதப்படுத்தி, மூடி வைத்து, பக்கங்களை நாடாவால் சுற்றி அடைத்தோம். தட்டில் இரண்டு ஆணி, ஆணியின் மேல் வட்டு, வட்டின் அடி நனையும்படி 3 மில்லிமீற்றருக்கு மேற்படாத தண்ணீர். மயிர்த்துளைக் கவர்ச்சியால் தண்ணீர் மேலே ஏறும். 1 நிமிடம், 5, 10, 20, 30, 60 நிமிடம், பிறகு மணிக்கொரு தடவை 6 மணி வரை. எடுத்து, ஈரத்துணியால் ஒற்றி, எடை பார்த்து, மறுபடி வைக்க வேண்டும். ஒரு கிராம் கூடினால் வட்டின் பரப்பில் 0.127 மில்லிமீற்றர் உயரத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அதை நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராகக் கோடு போட்டால், கோட்டின் சரிவுதான் உறிஞ்சும் வேகம்.

கிராமில் நூறில் ஒன்றைக் காட்டும் தராசு வேண்டும். ஹட்டனில் நகைக்கடை வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவர் இரண்டு கிலோ வரை தாங்கும் தராசை ஞாயிற்றுக்கிழமைகளில் தந்தார். கடையின் பின்னறையில், மேசை மேல் தட்டை வைத்து, என் தங்கை கைப்பேசியில் நேரம் பார்த்துச் சொல்ல, நான் ஒவ்வொரு வட்டாக எடுத்து ஒற்றி வைத்தேன். மோசமான வட்டை முதல் நிமிடத்திலேயே தெரிந்துகொள்ளலாம். அடியிலிருந்து கருமை, எண்ணெய்த் தாளில் எண்ணெய் ஏறுவது போல, பக்கவாட்டில் நாடாவுக்கு மேலே எட்டிப் பார்க்கும். நல்ல வட்டில் ஒரு மணி நேரம் கழித்தும் அடியில் ஒரு மெல்லிய கோடுதான்.

மாதிரிகளை எங்கே வைப்பது என்பதில் முதலில் ஒரு பிழை செய்தோம். தளத்து மாதிரிகளைப் பீலித் தண்ணீர் ஓடும் குழியில் போட்டு வைத்திருந்தார்கள். ஓடுகிற மென்னீர் மாதிரியின் மேற்பரப்பிலிருந்தே சுண்ணாம்பை அரித்துவிடும். நான்காம் நாள் கண்டுபிடித்து, நீலப் பீப்பாயில் சுண்ணாம்புத் தண்ணீர் கரைத்து அதற்குள் மாற்றினோம்.

வட்டுகளை மூன்று கூட்டமாகப் பிரித்தோம். ஒன்று ஆய்வுகூடத்துச் சூட்டில் நீருக்குள். இன்னொன்று தளத்தில் அந்தப் பீப்பாயில். காலையில் அந்தத் தண்ணீர் 14, 15 பாகைதான். மூன்றாவது கூட்டத்தை நம் ஊரில் வழக்கமாகச் செய்வது போல 7 நாள் ஈரச்சாக்கு போர்த்தி, பிறகு காற்றில் விட்டோம்.

கண்டது

ஒவ்வொரு நிலைக்கும் மூன்று வட்டுத்தான். அதை வைத்துத் தசம எண்களை அட்டவணை போட்டுக் காட்டினால் இல்லாத நுட்பத்தைக் காட்டியதாகிவிடும். வரிசையை மட்டும் சொல்கிறேன். வரிசை மூன்று வட்டிலும் மாறவில்லை.

28ஆம் நாள், தளத்துக் குளிரில் நனைந்த கூட்டம்: மிகக் குறைவாக உறிஞ்சியது மைக்ரோ சிலிக்கா. அடுத்தது சுண்ணாம்புக்கல் தூள். பிளை ஆஷும் வெறும் சீமெந்தும் ஒன்றையொன்று ஒட்டி, கடைசியில். அன்றைக்கு மட்டும் பார்த்திருந்தால், பிளை ஆஷ் வீண் செலவு என்று எழுதிவிட்டு வந்திருப்பேன். ஆய்வுகூடத்துச் சூட்டில் இருந்த அதே பிளை ஆஷ் வட்டு அதே நாளில் சுண்ணாம்புக்கல் தூளை எட்டிப் பிடித்திருந்தது. சாம்பல் ஒன்று, தண்ணீர் ஒன்று. வித்தியாசம் பத்துப் பாகைக்கு மேற்பட்ட குளிர். பத்துப் பாகை குறைந்தால் இந்த வினையின் வேகம் பாதியாகிவிடும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. கொழும்பில் சோதித்து எழுதிய 28 நாள் அறிக்கையை நுவரெலியா மாவட்டத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

90ஆம் நாள் படம் மாறியது. தளத்துப் பீப்பாயில் இருந்த பிளை ஆஷ், மைக்ரோ சிலிக்காவுக்கு மிக அருகில் வந்துவிட்டது. சுண்ணாம்புக்கல் தூள் 28ஆம் நாள் நின்ற இடத்திலிருந்து அதிகம் நகரவில்லை. வெறும் சீமெந்து கடைசி. மூழ்கவைத்த சோதனையில் சுண்ணாம்புக்கல் தூளுக்கும் வெறும் சீமெந்துக்கும் இடைவெளி சிறியது. உறிஞ்சும் வேகத்தில் பெரியது. முன்பு சொன்ன பசைக் கணக்கு இதுதான்.

என்னை உண்மையில் உலுக்கியது மூன்றாவது கூட்டம். 7 நாளில் சாக்கை எடுத்துவிட்ட வட்டுகளில், 90ஆம் நாளிலும் எல்லாவற்றையும்விட வேகமாகக் குடித்தது பிளை ஆஷ். வெறும் சீமெந்தைவிட மோசம். வினை புரியத் தண்ணீர் இல்லாமல் சாம்பல் மணிகள் அப்படியே சும்மா கிடந்திருக்கின்றன. பிணைக்க வேண்டிய இடமெல்லாம் துளையாக நின்றுவிட்டது. சாம்பல் போட்டுவிட்டு ஒரு வாரத்தில் சாக்கை எடுப்பவர், போடாமலே இருந்திருந்தால் நல்ல சுவர் கிடைத்திருக்கும்.

ஐந்து லீற்றர்

வார்ப்புக்கு முதல் ஒத்திகை நாள். ஒரு மூட்டைச் சீமெந்துக்கு 0.143 கன மீற்றர் கலவை, தண்ணீர் 25.7 லீற்றர். அட்மிக்சரில் ஒரு பங்கு இன்னும் போடவில்லை, கலவை கெட்டியாகத் தெரிந்தது. உதவிக்கு நின்ற பையன் ஐந்து லீற்றர் கேனைக் கவிழ்த்துவிட்டான். கலவை அழகாக ஓடியது. எல்லாருக்கும் திருப்தி.

மேசன் அண்ணனைக் கூப்பிட்டுத் தரையில் கரித்துண்டால் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

“அண்ணே, மூட்டைக்கு அஞ்சு லீற்றர்னா கன மீற்றருக்கு 35 லீற்றர். நூத்தி எண்பது இப்ப இருநூத்திப் பதினஞ்சு.”

“அதால என்ன தம்பி, சுவர் நிக்கும் தானே?”

“நிக்கும். ஆனா தண்ணி குடிக்கும்.”

சீமெந்துக்குத் தண்ணீர் 0.51 விகிதத்திலிருந்து 0.61க்குப் போய்விட்டது. கொங்கிரீட் ஆய்வாளர் பவர்ஸும் அவருடைய சகாக்களும் 1959இல் சீமெந்துப் பசையை வைத்துக் கண்டது இது: விகிதம் 0.50 என்றால் மயிர்த்துளைகளின் தொடர் அறுபட 14 நாள் நனைத்தால் போதும். 0.60 என்றால் ஆறு மாதம். 0.70 என்றால் ஒரு வருடம். அதற்கு மேல் என்றால் எத்தனை நாள் நனைத்தாலும் தொடர் அறுபடாது. ஒரு கேன் தண்ணீர் இரண்டு வாரத்தை ஆறு மாதமாக்குகிறது. எந்தத் தூளாலும் அதை முழுவதும் ஈடுகட்ட முடியாது. அண்ணன் கணக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தக் கேனை எடுத்துக்கொண்டுபோய்க் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டினார்.

ஆள் ஊற்றாமலேயே தண்ணீர் சேரும் வழி மணல். இங்கே தூறல் விழாத நாள் குறைவு. 860 கிலோ மணலில் 4 வீத ஈரம் இருந்தால் 34 லீற்றர்; அந்தக் கேன் அளவே. அதனால் காலையும் மதியமும் ஒரு கிலோ மணலைத் தாச்சியில் வறுத்தோம். ஆவி அடங்கி, மணல் தாச்சியில் ஒட்டாமல் சலசலவென்று ஓடும்வரை வறுத்து, எடை பார்த்து, அந்த வித்தியாசத்தை ஊற்றும் தண்ணீரில் கழித்தோம். மணல் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஈரத்துக்கு ஒரு சிறு திருத்தமும் உண்டு.

வார்ப்பும் பராமரிப்பும்

தொட்டிக்கு பிளை ஆஷ் கலவையைத் தேர்ந்தெடுத்தேன். ஒரே காரணம்: இது தண்ணீர்த் தொட்டி. நிரப்பிவிட்டால் உள்ளிருந்து தானாகவே நனைந்துகொண்டிருக்கும். சாம்பலுக்கு வேண்டிய காலம் கிடைக்கும். இதே இடத்தில் ஒரு மண்காப்புச் சுவரோ வீட்டுத் தூணோ என்றால், நனைக்க ஆள் கிடைக்குமா என்பதைக் கேட்டுவிட்டு, பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் தூளோடு கொஞ்சம் மைக்ரோ சிலிக்கா என்றுதான் சொல்லுவேன்.

பெப்ரவரியில் வார்த்தோம். இரண்டு மிக்சர், 56 மூட்டை, சுவர் முழுவதும் ஒரே நாளில், மூட்டே இல்லாமல். ஒவ்வொரு ஐந்தாவது கலவையையும் கூம்பில் ஊற்றித் தூக்கிப் பார்த்தோம். வட்டம் 660 முதல் 750 மில்லிமீற்றருக்குள் பரவ வேண்டும், ஓரத்தில் வெறும் தண்ணீர் வளையம் நிற்கக் கூடாது. பலகை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இந்தக் கொங்கிரீட் தண்ணீரைப் போலவே பக்கத்தில் தள்ளும். 2.4 மீற்றர் உயரத்துக்கு அடியில் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய ஆறு தொன். வழக்கமான முட்டுக்கொடுப்பு போதாது, இரட்டிப்பாகக் கொடுத்தோம். “கஞ்சி மாதிரி ஓடுது தம்பி” என்று காலையில் பயந்த மேசன் அண்ணன், மூன்றாம் நாள் பலகையைக் கழற்றி, சுவரை உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்துக்கொண்டே போனார். ஓர் இடத்திலும் கை தடுக்கவில்லை.

மாசி மாதம் எங்கள் பக்கம் பகலில் கடும் வெயில், இரவில் பனி. கொங்கிரீட் காய்ந்துபோக இதைவிட மோசமான காலம் இல்லை. கொழுந்துச் சாக்குகளை நனைத்துப் போர்த்தி, அதற்கு மேலே படங்கு கட்டி, 28 நாள் வைத்தோம். சாக்கு நனைக்கும் பொறுப்பைப் பிரிவில் ஆறு வீடுகள் முறை வைத்து எடுத்துக்கொண்டன. கொழுந்து எடுத்துவிட்டு மாலையில் வரும் பெண்கள் வாளி சுமந்து ஏறி ஊற்றிவிட்டுப் போனார்கள். இந்தத் தொட்டியின் தரத்தில் பாதி அவர்களுடைய கையிலிருந்து வந்தது. எந்தக் கலவைத் தாளிலும் அது எழுதப்படாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பிறகு 2 மீற்றர் ஆழத்துக்கு நிரப்பினோம். பழைய பிரித்தானியத் தரத்தின் முறைப்படி, சுவர் குடிக்க வேண்டியதைக் குடித்து முடிக்க 21 நாள் விட்டு, அடுத்த 7 நாள் மட்டம் பார்க்க வேண்டும். ஆழத்தில் 500இல் ஒரு பங்கு, எங்கள் தொட்டிக்கு 4 மில்லிமீற்றர், அதற்கு மேல் இறங்கக் கூடாது. மேல்தட்டு இன்னும் போடாததால் ஆவியாவதைக் கழிக்க, தண்ணீர் நிரப்பிய ஒரு பால்மாத் தகரத்தை உள்ளே மிதக்கவிட்டோம். ஏழாம் நாள், சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய காலை, தொட்டியில் 5 மில்லிமீற்றர் இறங்கியிருந்தது, தகரத்தில் 3. சுவரின் பங்கு 2 மில்லிமீற்றர்.

வெளிச்சுவரில் ஓர் இடத்தில் மட்டும், பலகை இழுத்துக் கட்டிய கம்பி போன துளையில், ஒரு ரூபாய்க் குற்றி அளவு ஈரம். அது உறிஞ்சல் அல்ல, நாங்கள் சரியாக அடைக்காத துளை. கொத்தி எடுத்துச் சுருங்காத சாந்தால் அடைத்தோம். இரண்டு நாளில் காய்ந்தது.

பிளை ஆஷ் வட்டுகளில் கூடுதலாக மூன்றை அறுத்து, இன்னும் சோதிக்காமல் தளத்து நீலப் பீப்பாயிலேயே விட்டு வைத்திருக்கிறோம். ஒரு வருடம் நிறையும்போது நகைக்கடைத் தராசு மறுபடி வேண்டும் என்று ஹட்டனில் சொல்லி வைத்திருக்கிறேன்.